அமெரிக்காவில் பாதிக் கல்யாணங்கள் முறிகின்றனவா?

கேள்வி: என் மகளும் மருமகனும் இரண்டு சின்னக் குழந்தைகளோடு டெக்சாஸில் குடியேறப் போகிறார்கள். அங்கே பாதிக் கல்யாணங்கள் விவாகரத்தில் முடிகின்றன, பிள்ளைகள் 18 வயதில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார்கள், அப்புறம் பெற்றோரைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் பயத்துக்கு வேர் அந்தப் ‘பாதி’ கணக்குதான். பலர் ஓர் ஆண்டின் விவாகரத்துகளை அதே ஆண்டின் திருமணங்களால் வகுத்துவிடுகிறார்கள். 2022இல் அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு 6.2 திருமணங்கள், 2.4 விவாகரத்துகள். வகுத்தால் 39 சதவீதம் வரும். ஆனால் இந்த ஆண்டு பிரிந்தவர்களில் பெரும்பாலோர் என்றைக்கோ மணந்தவர்கள். இளைஞர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாலே போதும், ஒரு தம்பதி கூடக் கூடுதலாகப் பிரியாமலே அந்தச் சதவீதம் ஏறிவிடும். தள்ளித்தான் போடுகிறார்கள்: 1956இல் பெண்களின் முதல் திருமணத்துக்கான இடைநிலை வயது (மணந்தவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) 20.1, 2023இல் 28.4.

பெண்களிடமே எப்போது மணந்தீர்கள், எப்போது பிரிந்தீர்கள் என்று கேட்டுக் கணிப்பதுதான் சரியான வழி. 2006-10இல் அப்படிக் கேட்டபோது, முதல் திருமணம் 20 ஆண்டு நீடிக்கும் வாய்ப்பு 52 சதவீதம் என்று தெரிந்தது. ஆகவே ‘பாதி’ முழுப் பொய் இல்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில் பட்டதாரிப் பெண்களுக்கு அது 78 சதவீதம். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு 40தான். இந்த இடைவெளியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். படிப்பு, நிலையான வருமானம், சற்றுப் பக்குவப்பட்ட வயதில் திருமணம் எல்லாம் அங்கே சேர்ந்தே வருகின்றன. தவிர, 1981இல் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்த விவாகரத்து விகிதம் இப்போது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

18 வயதில் போய்விடுவார்கள் என்பதும் அப்படியே உண்மை இல்லை. 2020 ஜூலையில், கொரோனா சமயத்தில், 18 முதல் 29 வயதுள்ளவர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோர் வீட்டில் இருந்ததாக பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் சொன்னது. கல்லூரி விடுதியில் தங்கும் மாணவர்களையும் அந்தக் கணக்கெடுப்பு பெற்றோர் வீட்டிலேயே சேர்க்கும் என்பதால் அதையும் கொஞ்சம் குறைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று எனக்கே ஆச்சரியம் தந்தது: 1971இல் அமெரிக்கர்களில் 7 சதவீதம் பேர்தான் பல தலைமுறையினர் சேர்ந்த வீட்டில் வாழ்ந்தார்கள், 2021இல் 18 சதவீதம்.

அதனால் போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் மருமகனிடம் ஒன்று கேளுங்கள். 1993இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டம் குடும்பத் தேவைக்காக 12 வார விடுப்பு தருகிறது, சம்பளம் கிடையாது. அதற்கும் 50 பேராவது வேலை பார்க்கும் நிறுவனமாக இருக்க வேண்டும், அங்கே 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். தனியார் வேலையில் சம்பளத்தோடு குடும்ப விடுப்பு தரவேண்டும் என்று டெக்சாஸ் மாநிலச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே புது வேலையில் சேர்கிறார் என்றால் முதல் வருடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் எந்த விடுப்பை எடுப்பார், அதற்குச் சம்பளம் உண்டா என்று நிறுவனத்திடம் இப்போதே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.