வாசகர் கேள்வி – பதில்: பயிலரங்கில் தலைவர்கள் உருவாவார்களா?

கேள்வி: ஜனநாயகத்துக்காகவும் சமூகநீதிக்காகவும் உழைப்போருக்கு உதவித்தொகை தந்து தலைமைப் பயிற்சி அளிக்கிறார்களே, பலன் உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932இல் தொடங்கிய, சமூக மாற்றத்துக்காக உழைப்போருக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளியைப் பாருங்கள். 1955 கோடையில் உதவித்தொகை பெற்று அங்கே பயிலரங்கில் கலந்துகொண்ட கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மாண்ட்கமரி பேருந்தில் தம் இருக்கையை வெள்ளையருக்கு விட்டுத்தர மறுத்தார்; அது இனப் பாகுபாட்டுக்கு எதிரான பெரும் போராட்டத்தைத் தூண்டியது. (அதற்கு முன்பே பல்லாண்டு பொதுப்பணியில் இருந்தவர் அவர், பயிற்சிதான் அவரை உருவாக்கியது என்பது மிகை.)

அதைவிட என்னை ஈர்ப்பது, தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் நடந்ததுதான். அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டச் சொல்லிக் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய அந்த மாநிலத்தில், ஹைலேண்டரில் பணியாற்றிய செப்டிமா கிளார்க்கின் முயற்சியால், 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியரல்லர், அழகுநிலையத் தொழில் செய்தவர். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று அவர் மாணவர்களையே கேட்டார். தம் பெயரை எழுதவும், விவிலியம் வாசிக்கவும், மணியார்டர் படிவம் நிரப்பவும் வேண்டும் என்றார்கள். அங்கிருந்தே பாடம் தொடங்கி, வாக்காளர் பதிவுவரை சென்றது. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இத்திட்டத்தை ஏற்றுத் தென் மாநிலங்களெங்கும் கொண்டுசென்றது.