உரித்த சட்டையைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட ரெட் நீ டரான்டுலா ஆண் சிலந்தி ஒன்றை வளர்க்கிறேன். சென்ற மாதம் அது கடைசிச் சட்டையை உரித்துப் பருவமடைந்துவிட்டது. ‘ஏழு வயதுப் பெண், ஐந்து அங்குலம், வந்த வாரமே ஆணை விடலாம்’ என்று இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவருக்கு 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பியிருக்கிறேன். அவர் அனுப்பியவை படங்கள் மட்டுமே. பெண் தயாராக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஏமாற்றப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? குஞ்சுகளை விற்கும் எண்ணமும் உண்டு.
- மன்னார்குடி வாசகர்

பதில்: வயதையும் அளவையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த வகைப் பெண் சிலந்தி பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் ஏழு வயது நம்பக்கூடியதுதான். ஆனால் தீனியையும் வெப்பத்தையும் பொறுத்து வளர்ச்சி மாறுவதால், படத்தைப் பார்த்து வயதை எவராலும் சொல்ல முடியாது. விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, அது கடைசியாக உரித்த சட்டையையும் உரித்த தேதியையும்தான்.

அந்தச் சட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை மெதுவாக விரித்து உட்புறத்தைப் பாருங்கள். முன்பக்க இரண்டு நுரையீரல் அடையாளங்களுக்கு நடுவே, விந்தைச் சேமித்து வைக்கும் பை மடல் போல எழுந்து நின்றால் அது பெண். அது மெல்லியதாக, மங்கலாகத் தெரிந்தால் இன்னும் இளசு. தடித்து, நன்கு உருப்பெற்றிருந்தால் பருவத்தை எட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இதே வகையில் ஏற்கெனவே முட்டையிட்ட பெண்ணின் சட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் பெருமளவு நீங்கும்.

தேதி ஏன் முக்கியம் என்றால், பெண் டரான்டுலா பருவமடைந்த பிறகும் வாழ்நாள் முழுவதும் சட்டை உரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பையின் உள்தோலும், அதில் சேர்ந்திருக்கும் விந்தும் சட்டையோடு கழன்று போய்விடும். ஆகவே உரிக்கப்போகும் தறுவாயில் இருக்கும் பெண்ணுடன் ஆணைச் சேர்ப்பது வீண். உரித்து ஓரிரு மாதங்கள் கழித்து, வெண்மையாக இருந்த கடிபற்கள் கறுத்து, உடல் இறுகி, தீனியை ஆவலோடு பிடித்துத் தின்று வயிறு உருண்டிருக்கும் காலமே தக்க காலம். தீனியை மறுப்பதும், நிறம் மங்குவதும், வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கருமையாவதும் அடுத்த உரிப்பு நெருங்குவதைக் காட்டும். ‘வந்த வாரமே’ என்ற பேச்சை நான் நம்பமாட்டேன்: பார்சலில் வந்து களைத்து, பசித்திருக்கும் பெண், ஆணை இரையாகவே பார்க்கும். சில வாரங்கள் பழகவிட்டு, வயிறாரத் தின்னக் கொடுத்த பிறகு விடுங்கள். பருவமடைந்த ஆண் பெரும்பாலும் ஓராண்டு அளவே வாழும் என்றாலும், அந்த அவகாசம் உங்களுக்குப் போதும்.

அடுத்தது ஆவணம். ரெட் நீ சேர்ந்த பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இத்தகைய உயிரினங்கள் இடம்பெறுகின்றன. அவற்றை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியே பதிவு செய்ய வேண்டும், கைமாற்றத்தையும் குஞ்சு பொரிப்பதையும் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஆணுக்கும் இது பொருந்தும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால் முன்பணம் போனாலும் போகட்டும் என்று விலகிவிடுங்கள். சான்றில்லாத சிலந்திக்காக நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவது, நம் குற்றத்தை நாமே எழுதிக் கொடுப்பதாகும்.

ஆவணம் சரியாக இருந்து, சொன்னதற்கு மாறான சிலந்தி வந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். அதற்கும் விற்றவர் மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. விளம்பரத்தையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இப்போதே படமெடுத்து வையுங்கள். ஒரு சிக்கல் உண்டு: வணிக நோக்கில் வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. குஞ்சு விற்கும் திட்டத்தை எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டால் உங்கள் வழக்கு பலவீனப்படும்.

கேள்வி: ஜோடி சேர்ந்து மூன்று மாதம் ஆன நிலையில், முட்டையிடாமல் என் பெண் டரான்டுலா சட்டை உரித்துவிட்டது. விற்றவர் மீது புகார் கொடுக்கலாமா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: இயலாது. மேலே சொன்னபடி விந்து சட்டையோடு போய்விட்டது. அவர் விற்றது பெண் சிலந்திதான். அது தேறியதும் மீண்டும் ஆணைச் சேர்க்க வேண்டும். உடல் இறுகும்வரை தீனி போடாதீர்கள். பிறகு போடும்போது, சம்பா வயல் வரப்பில் பிடித்த வெட்டுக்கிளியைத் தவிர்த்து, வளர்ப்புப் பூச்சிகளையே வாங்கிப் போடுங்கள்; வயலில் தெளித்த மருந்தின் எச்சம் வெட்டுக்கிளியின் உடலில் இருந்தால் அது சிலந்தியைக் கொன்றுவிடக்கூடும்.