நேர மண்டலம் காணும் லைப்ரரியை பேக்கேஜ் செய்யும்போது எல்லைத் தரவைச் சுருக்கலாமா?

கேட்டவரின் நிலை இது: அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் இணையம் இல்லாமலே நேர மண்டலத்தின் பெயரைச் சொல்லும் பைத்தான் லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றை எழுதியிருக்கிறார். எந்த மண்டலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் எல்லைத் தரவு பெரிதாக இருக்கிறது. அதைச் சுருக்கி உள்ளே வைப்பதா, நிறுவும் நேரத்தில் பதிவிறக்கிக்கொள்ளச் செய்வதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். முழுத் தரவையும் பேக்கேஜுக்குள்ளேயே வையுங்கள். நீங்கள் இணையம் தடையில்லாமல் வரும் ஓர் அலுவலகத்தில் இருந்து எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் சில பத்து மெகாபைட் (எம்பி) பெரிய சுமையாகத் தெரியும். நான் வேறு இடத்திலிருந்து பார்க்கிறேன்.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் எழுதுவது என் தொழில். ஜோதிடம் உண்மையா பொய்யா என்று கருத்துப் பகுதியில் கேட்க வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதில் அதைப் பற்றியதே அல்ல. பிறந்த நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றுவது கணக்கு. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் அதில் விடை ஒன்றுதான்.

என் முதல் வாடிக்கையாளர் பாலக்கோட்டில் கடை வைத்திருக்கும் என் மாமா. அவர் கணினியில் இணைய இணைப்பு கிடையாது. அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. நானும் முதலில் உங்களைப் போலவே நிறுவும்போது பதிவிறக்கும்படி எழுதியிருந்தேன். கைப்பேசி வழியாக இணைப்புக் கொடுத்துப் பார்த்தேன். பாதியில் அறுந்தது. மீண்டும் முயன்றபோது பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று எடுத்துக்கொண்டு நிரல் நின்றுவிட்டது. அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போதே தரவை உள்ளே வைப்பது என்று முடிவு செய்தேன்.

பஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத் தலைநகர். எங்கள் மாங்கூழ் கடல் கடந்து போகிறது, ஆனால் ஊருக்கு ரயில் நிலையம் இல்லை. தர்மபுரியை மொரப்பூருடன் இணைத்த சிறிய ரயில் பாதை 1906இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். அதே போர்க் காலத்தில்தான் இந்தியக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி அல்ல, ஆறரை மணி முன்னால் இருந்தது. போர் முடிந்ததும் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். ரயிலைத் தலைமுறைகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேள்விக்கு வருகிறேன். தரவை உள்ளே வைத்தேன், ஆனால் சுருக்கி வைத்தேன். நான் செய்த பெரிய தவறு இதுதான். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது உலக வரைபடத்தின் தரவிலிருந்து எல்லைகளைத் தயாரிக்கும் 'டைம்சோன் பவுண்டரி பில்டர்' மூன்று விதமாகத் தருகிறது. ஒன்று முழுமையானது. இரண்டாவது, 1970 முதல் ஒரே நேரத்தைக் கடைப்பிடித்த மண்டலங்களை ஒன்றாக்கியது. மூன்றாவது, இன்றைய நிலையில் ஒத்துப்போகும் மண்டலங்களை எல்லாம் ஒன்றாக்கியது. மூன்றாவதுதான் மிகச் சிறியது. அதை எடுத்தேன். அதில் இலங்கை தனியாக இல்லை. இன்று இரு நாடுகளின் நேரமும் ஐந்தரைதான் என்பதால் கொழும்பைக் கேட்டாலும் ஆசியா/கொல்கத்தா என்றே விடை வரும்.

ஒரு நாள் மாமா கடைக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஓர் அம்மா மகளின் ஜாதகத்தைக் கணிக்க வந்தார். மகள் 1998இல் கொழும்பில் பிறந்தவள். என் மென்பொருள் சிம்ம லக்கினம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி) என்றது. அவர் பையிலிருந்து பழுப்பேறிய நோட்டு ஒன்றை எடுத்தார். அங்கே கையால் எழுதப்பட்ட ஜாதகத்தில் கடக லக்கினம். "அந்த நாளில் எங்கள் நாட்டில் கடிகாரத்தை மாற்றி வைத்திருந்தார்கள், தம்பி. உங்கள் பெட்டிக்கு அது தெரியாதா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை.

அவர் சொன்னது அப்படியே உண்மை. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தார்கள். அக்டோபரில் அரை மணி பின்னே வைத்தார்கள். 2006 ஏப்ரல் வரை அவர்கள் நேரம் ஆறு மணி. நான் ஐந்தரையைக் கழித்ததால் பிறப்பு அரை மணி நேரம் தள்ளிப் போயிருந்தது. அரை மணியில் லக்கினப் புள்ளி ஏறத்தாழ ஏழரைப் பாகை நகரும். லக்கினம் மாறாமல் தப்பினாலும், ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சம் தப்பாது. அந்தப் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில எம்பி மிச்சப்படுத்தப் போய் ஒரு குடும்பத்துக்குத் தவறான தாளை நீட்டியிருப்பேன்.

'ஜாதக மென்பொருளுக்கு வேண்டுமானால் பழைய நேரம் தேவை, எனக்கு இன்றைய நேரம் போதும்' என்று நீங்கள் சொல்லலாம். அது நியாயமான வாதம்தான். ஆனால் லைப்ரரியை வெளியிட்ட பிறகு அதை யார், எதற்கு எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் கையில் இல்லை. சுருக்கிய தரவைத்தான் தருவீர்கள் என்றால் முகப்பு விளக்கத்தின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

முழுத் தரவும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பிறகு வன்னியில் பிறந்த ஒருவர் வந்தார். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996 மாற்றத்தை ஏற்காமல் பழைய ஐந்தரையையே வைத்திருந்தார்கள். வரைபடத்தில் அதற்குத் தனி எல்லை இல்லை. அதனால் நேர வேறுபாட்டைக் கையால் திருத்தத் திரையில் ஓர் உள்ளீட்டுக் கட்டம் வைத்தேன். உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் நிரல்களிலும் அப்படி ஒன்று இருக்கட்டும்.

பேக்கேஜ் வேலையில் எனக்குப் பிடிபடாமல் நாட்களைத் தின்றவை இவை. மானிஃபெஸ்ட் கோப்பில் தரவுக் கோப்பின் பெயரை எழுதினால் அது மூலத் தொகுப்பில் சேரும். பயனர் நேரடியாக நிறுவும் வீல் கோப்பிலும் சேர்ந்ததா என்று தனியாகத் திறந்து பாருங்கள். அது ஜிப் கோப்புதான், எளிதில் திறக்கும். உங்கள் கணினியில் மூலக் கோப்புறையிலேயே தரவு இருப்பதால் எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரியும். வேறு கோப்புறையில், புதிய மெய்நிகர் சூழலில் (மற்ற பேக்கேஜ்கள் கலக்காத தனி நிறுவல் இடம்), இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். விண்டோஸில் நேர மண்டல வரலாற்றுத் தரவு பைத்தான் படிக்கும் வடிவில் இல்லை என்பதால் பைத்தானின் 'ஸோன்இன்ஃபோ' அங்கே 'டிஸட்டேட்டா' பேக்கேஜைத் தேடும். அதையும் சார்புப் பட்டியலில் சேர்த்து, பென் டிரைவில் கூடவே கொடுங்கள். எல்லைத் தரவின் உரிமம் ஓடிபிஎல், அதாவது திறந்த தரவுத்தள உரிமம். உங்கள் நிரலின் உரிமம் எதுவானாலும் தரவின் உரிமத்தையும் தனியாக உள்ளே வைக்க வேண்டும்.

சோதனைக்கு நான் வைத்திருப்பவை: 1998இல் கொழும்பு ஆறு மணி தர வேண்டும். சிங்கப்பூர் 1981 டிசம்பரில் ஏழரையும் 1982 ஜனவரியில் எட்டும் தர வேண்டும். 1943இல் தர்மபுரி ஆறரை. கடைசியாக, தர்மபுரியின் 12.12, 78.16 என்ற எண்களை வேண்டுமென்றே இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். அட்சரேகை 78 என்றால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் போய் நிற்கும். வரைபடத் தரவுக் கோப்பு வடிவமான ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எழுதும், நாம் அட்சரேகையை முதலில் சொல்வோம். அதனால் என் நிரலில் இரண்டு எண்களையும் பெயர் குறிப்பிட்டுத்தான் கொடுக்க முடியும், வெறும் எண்களாகக் கொடுத்தால் ஏற்காது.