‘புட் ஓஃப்’ என்றால் ரத்து இல்லை

தம்பி, ஹட்டனில் நடக்கவிருந்த உங்கள் நேர்முகப் பரீட்சை ‘புட் ஓஃப் டில் மண்டே’ என்று செய்தி வந்திருக்கிறது, ரத்தாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தாகவில்லை. திங்கட்கிழமை கட்டாயம் போங்கள்.

‘ஓஃப்’ என்றதும் நமக்கு லைட்டை அணைப்பதுதான் ஞாபகம் வரும். இங்கே ‘புட் ஓஃப்’ என்று சேர்ந்து வந்தால் தள்ளிப்போடுவது என்று பொருள். தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால் மருந்தடிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்வோம் அல்லவா, அதுதான் ‘புட் ஓஃப்’. வேலை இருக்கிறது, நாள்தான் மாறுகிறது. அடியோடு இல்லையென்றால் ‘கோல்ட் ஓஃப்’ (called off) என்று எழுதியிருப்பார்கள்.

‘டில்’ என்பதும் உங்களைக் குழப்பியிருக்கும். ‘திங்கள் வரை’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் திங்களும் இல்லையோ என்று தோன்றும். அப்படி இல்லை, நடக்கும் நாளே திங்கள்தான்.

நீங்கள் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘இட்’ நடுவில்தான் வரும்: ‘புட் இட் ஓஃப்’. ‘புட் ஓஃப் இட்’ என்பது பிழை, நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

அப்புறம், ‘த ஸ்மெல் புட் மீ ஓஃப்’ என்று எங்காவது கேட்டால், அந்த வாடையில் மனமே விட்டுப்போனது என்று பொருள். அது வேறு கதை.

பதில் கடிதத்தில் ‘போஸ்ட்போன்ட்’ என்றே எழுதுங்கள், அலுவலகத்துக்கு அதுதான் பொருந்தும். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.