டிவைசர், டிவிடென்ட், டிவிசிபிள்: இந்தச் சொற்களைக் குழப்பமில்லாமல் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

தமிழ் வழியில் படித்த உங்கள் மகன் ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறி, இந்தச் சொற்களில் தடுமாறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாம்பன் பக்கம் பத்து வருடமாக மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வகுக்கத் தெரியும். எது எதை வகுக்கிறது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நண்டை வைத்துச் சொல்கிறேன். எங்கள் நாட்டுப்படகில் ஐந்து பேர் போவார்கள். ஏலத்தில் விலை போகாத சின்ன நண்டு கறிக்கென்று வீட்டுக்கு வரும். கால் முறியாமல் வலையிலிருந்து கழற்றி, அப்பா மணலில் ஐந்து கூறு போடுவார். கூறுக்கு ஒன்று, மறுபடி கூறுக்கு ஒன்று என்று சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டே வருவார். ஒருநாள் 38 நண்டு. கூறுக்கு ஏழு போக மூன்று நின்றது. படகை மேலேற்றக் கை கொடுத்த பையனுக்கு அந்த மூன்றும் போனது.

இதில் 38 டிவிடென்ட், வகுபடும் எண். லத்தீனில் அந்தச் சொல்லுக்கே ‘பிரிக்கப்பட வேண்டியது’ என்றுதான் பொருள். 5 டிவைசர், வகுக்கும் எண். 7 கோஷண்ட், ஈவு. ‘எத்தனை தடவை’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அப்பா எத்தனை சுற்று வைத்தார் என்று எண்ணினாலே அது கிடைத்துவிடும். 3 ரிமைண்டர், மீதி.

டிவிசிபிள் என்ற சொல்லில்தான் நிதானம் வேண்டும். “அஞ்சு பேரும் பிரிச்சுக்கிட்டாங்களே சார், அப்புறம் ஏன் 38 அஞ்சால டிவிசிபிள் இல்ல?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அருமையான கேள்வி. பேச்சு வழக்கில் பிரிக்க முடிந்த எதுவும் டிவிசிபிள். ஒரு பாரை மீனைச் சரியாக ஐந்து துண்டு போடலாம். முழு எண் கணக்கில் அப்படி அறுக்க வழியில்லை. மீதி பூஜ்யமாக வந்தால்தான் டிவிசிபிள்: 35 ஆகும், 38 ஆகாது. ‘மீதியின்றி வகுபடும்’ என்று முழுதாகச் சொல்லிப் பழக்குங்கள்.

அடுத்தது இன்டூ. நம் ஊரில் ‘5 இன்டூ 35’ என்றால் பெருக்கல். ஆங்கிலப் புத்தகத்தில் ‘டிவைட் 5 இன்டூ 35’ என்று வந்தால் 35-ஐ ஐந்தால் வகுக்க வேண்டும், விடை 7. ‘டிவைட் 35 பை 5’ என்பதும் அதே கணக்குதான், எண்கள் மட்டும் இடம் மாறி நிற்கும். ‘5 டிவைட்ஸ் 35’ என்றாலும் 5தான் வகுக்கிறது. நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள்கூட இங்கே மதிப்பெண்ணை விடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பங்குச் சந்தையிலும் டிவிடென்ட் உண்டு. அங்கே அதற்குத் தமிழில் ஈவுத்தொகை. கணக்கிலோ ஈவு என்றால் கோஷண்ட். செய்தித்தாள் படிக்கிற வீடு என்றால் இதையும் சொல்லிவிடுங்கள்.

பிரிக்கவே முடியாததற்கு இன்டிவிசிபிள். சொத்து விஷயத்தில் இம்பார்ட்டிபிள் என்பார்கள், பாகம் பிரிக்கக் கூடாத சொத்து. ஜமீன்களைப் பங்கு போடாமல் ஒரே வாரிசுக்கு முழுதாக விடுவதற்காக 1904-ல் சென்னை மாகாணத்தில் இதே பெயரில் ஒரு சட்டமே வந்தது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் நம் மறவர் சீமையையே ஐந்து பங்காக்கி, மூன்றை ராமநாதபுரத்துக்கும் இரண்டைச் சிவகங்கைக்கும் பிரித்திருக்கிறார்கள். இந்தச் சொல்லெல்லாம் ஆறாம் வகுப்பில் வராது. இந்த வாரம் இன்டூவை மட்டும் உட்கார வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.