கலீனா உருக்கில் ஈயக் கட்டி நொறுங்குகிறதா?

இரும்பு போதவில்லை, அதுதான் விஷயம். ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாதுவான கலீனாவில் 10 கிராமைச் சோடா சாம்பல், வெண்காரத்தோடு உருக்கி ஒரே ஒரு சின்ன ஆணி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஈயத்துக்கும் கசடுக்கும் நடுவே வந்த, சுத்தியல் பட்டதும் உதிர்கிற அந்தக் கறுப்பு அடுக்கு கந்தகம் பிரியாத சல்ஃபைடாகத்தான் இருக்கும்.

ஈயத்திடமிருந்து கந்தகத்தைப் பிடுங்குவது இரும்பு. சுத்தமான 10 கிராம் கலீனாவுக்குக் கணக்குப்படியே 2.3 கிராம் இரும்பு செலவாகும், கிடைக்க வேண்டிய ஈயம் சுமார் 8.66 கிராம். அதனால் தாராளமாகவே போடுங்கள், நாலைந்து ஆணி இருந்தாலும் தப்பில்லை.

சோதிக்க ஒரு வழி: ஊற்றுவதற்கு முன் ஆணிகளை இடுக்கியால் எடுத்து, ஒட்டிய ஈயத் துளிகளை மூசைக்குள்ளேயே (உருக்கும் கிண்ணம்) தட்டிவிட்டுப் பாருங்கள். நடுத்தண்டு திடமாக மிஞ்சியிருந்தால் சரி, கரைந்தே போயிருந்தால் இரும்பு போதவில்லை. அப்புறம் கட்டியைத் தட்டுங்கள், நல்ல ஈயம் உடையாமல் தகடாக நீளும்.

ஆணி மிஞ்சியும் கட்டி உடைந்தால் தாதுவில் ஆண்டிமனியோ ஆர்சனிக்கோ கலந்திருக்கலாம், அதற்கு ஆணி மருந்தல்ல. சூட்டை ஏற்றிச் சரிக்கட்டவும் பார்க்காதீர்கள், கலீனாவே ஆவியாகி எடை குறைந்துவிடும். புகைபோக்கி இல்லாத அறையில் இதைத் தொடவே வேண்டாம்.