மீடியா கணினியும் கோப்பு ஒத்திசைவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ரவுட்டர் முகப்பில் இருக்கிறது; டிவியும், மீடியா கணினியாக வைத்திருக்கும் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறிய கணினியும் வீட்டின் உள்ளே இரண்டாங்கட்டில் இருக்கின்றன. கைப்பேசியில் எடுத்த கல்யாண வீடியோ, கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் மென்பொருள் வழியாக வந்துசேர இரவு முழுவதும் ஆகிறது. வேறு மென்பொருளுக்கு மாறலாமா? (கானாடுகாத்தான்)

ப: மாற வேண்டாம், தடை மென்பொருளில் இல்லை, சுவரில் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய செட்டிநாட்டுச் சுவர்கள் இரண்டைக் கடப்பதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெரும்பாலும் ஓய்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சற்று உள்ளே வந்தாலும் வேகம் கிடைக்காது. ரிப்பீட்டர்களை அடுக்குவதை விட்டுவிட்டு, வளவின் (நடு முற்றத்தின்) ஓரமாகக் கேட் 6 நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள். ஒரே கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால், முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் வீட்டுக்கும் அது போதும். பழைய பூச்சைத் துளைக்காமல் நிலைக்கதவுகளின் மேற்புறமாகக் கொண்டுபோகலாம். பெரிய வீடியோவை அனுப்பும் நேரத்தில் கைப்பேசி முகப்பிலேயே இருக்கட்டும்.

கே: சிறிய கோப்புகள் எல்லாம் வருகின்றன, 6 ஜிபி வீடியோ மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. (தேவகோட்டை)

ப: உங்கள் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்த பிறகு, லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவுக்கு மாற்றுங்கள். நகலெடுத்த பிறகு என்பதை மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கே: ராஸ்பெர்ரி பையில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் பொருத்தியிருக்கிறேன். மின்தடைக்குப் பின் "ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்" (அடையாள ஃபோல்டரைக் காணவில்லை) என்று சிங்க்திங் நின்றுவிட்டது. யாரோ சொன்னபடி, புள்ளியில் தொடங்கும் எஸ்டிஃபோல்டர் என்ற ஃபோல்டரை நானே உருவாக்கினேன். பிழை போய்விட்டது, ஆனால் எங்கள் ஐயாவும் அப்பத்தாவும் கண்ட சாந்திக் கல்யாணப் (அறுபதாம் கல்யாணம்) படங்கள் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் கணினியிலும் அழிந்துவிட்டன. (காரைக்குடி)

ப: முதலில் இரண்டு ஊர்களிலும் சிங்க்திங்கை நிறுத்துங்கள். பிறகு உங்கள் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் பாருங்கள். படங்கள் பெரும்பாலும் அதில் அப்படியே இருக்கும். மின்சாரம் திரும்பியபோது டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது கணினி அதை இணைத்துத் திறக்கவில்லை; அதன் இடத்தில் ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டில் உள்ள வெற்று ஃபோல்டர்தான் சிங்க்திங்கின் கண்ணில் பட்டது. அடையாள ஃபோல்டரைக் காணாததால், ஏதோ தவறு என்று அது நின்றுகொண்டது. நீங்கள் அந்த அடையாளத்தைக் கையால் வைத்ததும், இடம் சரிதான், படங்களைத்தான் நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு, அந்த அழிப்பைத் தம்பிக்கும் அனுப்பிவிட்டது. அந்தப் பிழைச்செய்தி உங்களைக் காக்க வந்தது. அதை வாயடைக்க வழி சொல்பவர்கள் டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதே இல்லை.

எத்தனை முறை எழுதினாலும் இது போதாது போலிருக்கிறது: ஒத்திசைவு என்பது காப்பு நகல் அன்று. சேர்ப்பதை எவ்வளவு விசுவாசமாகக் கொண்டுபோகிறதோ, அழிப்பதையும் அவ்வளவு விசுவாசமாகக் கொண்டுபோகும். குடும்பப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை எல்லா இடத்திலும் "சென்ட் அண்ட் ரிசீவ்" என்று விட்டுவைக்காதீர்கள். படம் பிறக்கும் கைப்பேசியில் "சென்ட் ஒன்லி", வாங்கும் மீடியா கணினியில் "ரிசீவ் ஒன்லி" என்று வையுங்கள். அப்போது இங்கே நேரும் விபத்து அங்கே பரவாது. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று யாரேனும் படங்களை அழித்தால் அந்த அழிப்பு மீடியா கணினிக்கு வரும் என்பதால், அழிந்த கோப்பின் பழைய நகலை எடுத்துவைக்கும் "ஃபைல் வெர்ஷனிங்" வாங்கும் பக்கத்தில் இயக்கத்தில் இருக்க வேண்டும். தம்பி அதை இயக்கியிருந்தால், புள்ளியில் தொடங்கும் எஸ்டிவெர்ஷன்ஸ் என்ற மறைவு ஃபோல்டரில் படங்கள் கிடைக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை நகலெடுத்து, கழற்றி, பீரோவில் பூட்டி வைக்கும் இன்னொரு டிஸ்க் வேண்டும். டிஸ்க் மவுன்ட் ஆகும் வரை சிங்க்திங் தொடங்காதபடி, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் சிங்க்திங் கோப்பில் "ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்" வரியைச் சேர்த்து, சிறிய யுபிஎஸ் ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.

கே: சிங்க் ஆகவில்லை. உடனே தீர்வு தேவை. (ஊர் எழுதவில்லை)

ப: எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, திரையில் வந்த செய்தி என்ன என்று எதையும் எழுதாமல் தீர்வு கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. எழுதுங்கள், பதில் தருகிறேன்.

கே: விண்டோஸில் சரியாக இருக்கும் தமிழ்க் கோப்புப் பெயர்கள் சில, ராஸ்பெர்ரி பையில் "ஃபைல் நேம் டூ லாங்" என்று மறுக்கப்படுகின்றன. ஆங்கிலப் பெயர்களுக்கு இப்படி நேர்வதில்லை. (பள்ளத்தூர்)

ப: நல்ல கவனிப்பு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம் தரும். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். "கோ" என்பதில் ககரமும் ஓகாரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 6 பைட் ஆகிறது. ஆகவே "பிள்ளையார்பட்டி விநாயகர் சதுர்த்தித் தேரோட்டம்" என்பது தாராளமாக அடங்கும். அதனுடன் ஆண்டும் எடுத்தவர் பெயரும் வந்தவர் பெயர்களும் சேர்ந்தால் அடங்காது. ஏறத்தாழ 40 எழுத்துக்குள் நிறுத்திக்கொண்டு, மற்ற விவரங்களை ஃபோல்டர் பெயரில் வையுங்கள்.

கே: வீடியோக்களை டிவியில் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் மென்பொருள் ஓடும் கணினியில், சிங்க்திங்கில் "ரிவெர்ட் லோக்கல் சேஞ்சஸ்" என்ற பொத்தான் வருகிறது. அழுத்தலாமா? (கோட்டையூர்)

ப: படிக்காமல் அழுத்தாதீர்கள், அந்தக் கணினியில் மட்டும் சேர்ந்த கோப்புகளை அது நீக்கிவிடும். ஜெல்லிஃபின் தன் போஸ்டர் படங்களையும், வீடியோ விவரங்களை வைக்கும் என்எஃப்ஓ கோப்புகளையும் ஃபோல்டருக்குள் எழுதியிருக்கும். அப்படி எழுதும் அமைப்பை ஜெல்லிஃபினில் நிறுத்துங்கள், அல்லது அவற்றைச் சிங்க்திங்கின் தவிர்ப்புப் பட்டியலில் சேருங்கள். அந்தப் பட்டியல் தானாக மற்ற கருவிகளுக்குப் போகாது. ஒவ்வொன்றிலும் தனியே எழுத வேண்டும். அங்கும் "ஃபைல் வெர்ஷனிங்" இருக்கட்டும்.

கே: கைப்பேசியில் சிங்க்திங் செயலிக்கு அப்டேட் வருவதே இல்லையே? (புதுவயல்)

ப: ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. அதிலிருந்து கிளைத்த சிங்க்திங்-ஃபோர்க் செயலிக்கு மாறுங்கள். பழையதை நீக்குமுன் அதன் அமைப்புகளை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.